முதல் கார் ஸ்போர்ட்ஸ் காரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பையனுக்குப் பதினெட்டு முடிகிறது, வேகமான கார் கேட்கிறான், வாங்கித் தரலாமா? இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கேள்விதான். ஊரும் காரும் பட்ஜெட்டும் மட்டும் மாறுகின்றன. எங்கள் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் முதல் காராக வேண்டாம். கொஞ்சம் துடிப்பான சின்னக் கார் என்றால் எந்த மாடல், எந்த வருஷம், எந்த கியர்பாக்ஸ் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கோவை வாசகர்: மகன் இன்ஜினீயரிங் முதலாம் ஆண்டு. லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. 2013 மாடல் பிஎம்டபிள்யூ 328ஐ ஒன்று ஒன்பது லட்சத்துக்கு வருகிறது. 70,000 கிமீ ஓடியிருக்கிறது. புது பலேனோ விலைதானே, கெட்டியான ஜெர்மன் காராக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றுகிறது. சரியா?

வாங்கும் விலைதான் பலேனோ விலை. அதன் பிறகு வரும் ஒவ்வொரு பில்லும் பிஎம்டபிள்யூ பில். கார் பழசானதும் அதன் விலை இறங்குகிறது. உதிரிபாகத்தின் விலை இறங்குவதில்லை. இவ்வளவு மலிவாக வருவதற்குக் காரணமே அதுதான்.

இந்த மாடலில் இருப்பது என்20 என்கிற 2 லிட்டர் டர்போ இன்ஜின். இதன் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி), பிளாஸ்டிக்கால் ஆன வழிகாட்டிப் பட்டைகளின் மேல் ஓடுகிறது. 2015க்கு முந்தைய இன்ஜின்களில் இந்தப் பட்டை வெடித்து உடைவது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. உடைந்த துண்டுகள் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் சம்ப்பில் விழுந்து ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையை அடைக்கும். செயின் தளர்ந்து பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு இன்ஜின் போயிற்று. ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றி இறக்கும்போது அதற்கேற்ப ஏறி இறங்கும் ஒரு ஊளைச் சத்தம் கேட்டால் அந்தக் காரை வாங்காதீர்கள். சத்தமே இல்லை என்றாலும் வாங்குமுன் ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

அடுத்தது வாட்டர் பம்ப். இதில் அது பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சார மோட்டாரில் ஓடுகிறது. ஒரு லட்சம் கிமீ நெருங்கும்போது முன்னறிவிப்பு இல்லாமல் நின்றுவிடக்கூடிய பாகம் இது. இன்ஜின் சூடு எச்சரிக்கை வந்தவுடன் காரை ஓரம்கட்டி அணைக்கத் தெரிந்தவர் பம்ப்போடு தப்பிப்பார். "வீடு பக்கம்தானே" என்று இன்னும் நாலு கிமீ ஓட்டுபவருக்கு சிலிண்டர் ஹெட் வளையும். பதினெட்டு வயதில் யாரும் அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தி நிறுத்துவதில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆயில் ஃபில்டர் தாங்கியின் கேஸ்கெட்டும் வால்வு கவரும் இந்த வயதில் கசியும். எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியின் ஆயிலை வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அந்தப் பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிமீக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய ரசீது இல்லை என்றால் அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள். டயர்கள் ரன்-ஃப்ளாட் வகை. காற்று போனாலும் சிறிது தூரம் ஓடும் என்பதால் ஸ்டெப்னி கிடையாது. பக்கச் சுவர் விறைப்பானது. நம்மூர்க் குழியில் வேகமாக இறங்கினால் டயர் புடைக்கும், அலாய் வளையும். ஒரு டயரே இருபதாயிரம் ரூபாய் அளவில் வரும்.

இன்ஷூரன்ஸ் கணக்கைப் பாருங்கள். 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் ஆண்டுக்கு 7,897 ரூபாய். 1000 சிசியிலிருந்து 1500 சிசி வரை 3,416. 1000 சிசிக்குள் 2,094. இது சின்ன வித்தியாசம்தான். பெரிய அடி வேறு இடத்தில் விழுகிறது. இந்த வயதுக் காருக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் பாலிசி (தேய்மானம் கழிக்காமல் பாகங்களின் விலையைத் தருவது) கிடைப்பது அரிது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதி விலைதான் கிடைக்கும். பம்பர், கிரில், ஹெட்லைட் கூடு எல்லாம் பிளாஸ்டிக். முன்னால் லேசாக மோதி இரண்டு ஏர்பேக் வெடித்தால், ஏர்பேக், டேஷ்போர்டு, சீட் பெல்ட் இழுப்பான், கட்டுப்பாட்டு மாட்யூல் என்று பில் ஏறி, ஐடிவியில் (பாலிசியில் காருக்குக் குறித்திருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டும். அப்போது காரை 'டோட்டல் லாஸ்' என்று முடித்துவிடுவார்கள். ஓடக்கூடிய கார்தான், ஆனாலும் கையை விட்டுப் போய்விடும்.

வேகத்தைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லை. 245 குதிரைத்திறன், பின்சக்கர இழுவை, நூறு கிமீ வேகத்தைத் தொட சுமார் ஆறு வினாடி. இரண்டு மாத லைசென்ஸுக்கு இது வேண்டாம். அதே ஒன்பது லட்சத்தில் ஆறு ஏர்பேக்கும் ஈஎஸ்சியும் (வழுக்கும் காரை நேர்படுத்தும் அமைப்பு) உள்ள புதிய சின்னக் கார் வாங்கலாம். மீதி இருந்தால் டயருக்கும் பயிற்சிக்கும் வையுங்கள்.

திருநெல்வேலி வாசகி: குதிரைத்திறன் எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்? மகன் ஒரு கார் சொல்கிறான், அவன் மாமா இன்னொன்று சொல்கிறார். எனக்கு ஒரு அளவுகோல் கொடுங்கள்.

குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். அதைக் காரின் எடையால் வகுத்து, ஒரு டன்னுக்கு எவ்வளவு என்று பாருங்கள். இப்போதைய ஸ்விஃப்ட் 82 பிஎஸ் (குதிரைத்திறனின் அளவு), எடை 900 கிலோவுக்குச் சற்று மேல். டன்னுக்குச் சுமார் 90. ஐ20 என் லைன் 120 பிஎஸ். அது 110 பக்கம். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 1.5 டர்போ 120 பக்கம். கோவை வாசகர் கேட்ட 328ஐ 160. 2016இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 220ஐத் தாண்டும். முதல் காருக்கு 100 வரை தாராளம். 120 வரை போகலாம், ஆனால் ஈஎஸ்சி கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு மேலே இரண்டு வருடம் கழித்துப் பேசலாம்.

ஈஎஸ்சி என்பது காரின் தலை ஒரு பக்கம் வழுக்கத் தொடங்கும்போது தேவையான சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்துக் காரை நேர்படுத்தும் அமைப்பு. பலமாகப் பிரேக் மிதித்தாலும் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் வேறு, இது வேறு. 2019 ஜூலைக்குப் பிறகு விற்ற எல்லாக் கார்களிலும் ஏபிஎஸ், ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, 80லும் 120லும் ஒலிக்கும் வேக எச்சரிக்கை இருக்கும். ஈஎஸ்சி எல்லா மாடலிலும் இருக்காது. விளம்பரத்தை நம்பாதீர்கள். சாவியைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். வழுக்கும் கார் போல வளைந்த இரண்டு கோடுகள் உள்ள மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தால் இருக்கிறது.

அளவுகோலை விட முக்கியம், எந்தக் காரானாலும் முதல் மாதத்தில் என்ன பழகுகிறார் என்பது. டிரைவிங் ஸ்கூலில் கிளட்சும் கியரும் ரிவர்ஸும் சொல்லித் தருகிறார்கள், டெஸ்ட் பாஸாகிவிடுகிறது. முழு பலத்தோடு பிரேக் மிதிக்க யாரும் சொல்லித் தருவதில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி மிதிக்கும்போது எதிரே லாரி இருக்கக் கூடாது அல்லவா? ஆளில்லாத மைதானமோ, ஞாயிறு காலையில் காலியாகக் கிடக்கும் தொழிற்பேட்டைத் தெருவோ பாருங்கள். இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்சீட்டில் யாரும் வேண்டாம். காருக்குள் உருளும் பாட்டில், குடை எதுவும் இருக்கக் கூடாது. பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டும்.

முதலில் சீட். கிளட்சை அடிவரை மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். இளைஞர்கள் சீட்டைப் பின்னால் தள்ளிப் படுத்துக்கொண்டு ஓட்டுவது பார்க்க ஸ்டைல். அந்த நிலையில் பிரேக்கை முழுதாக மிதிக்கவே முடியாது. பிறகு 40 கிமீ வேகத்தில் நேராகப் போய், நீங்கள் சொன்ன இடத்தில் பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து உதைப்பது போல் மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும், கரகரவென்று சத்தம் வரும். அது ஏபிஎஸ் வேலை செய்கிற சத்தம். பழக்கமில்லாதவர் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார். கார் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. கார் முழுதாக நிற்கும்வரை கால் தளரக் கூடாது. இது கைவந்ததும், மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு அட்டைப் பெட்டியைச் சுற்றிப் போகச் சொல்லுங்கள். பிரேக் பிடித்தபடி திரும்ப முடியும் என்பதற்குத்தான் ஏபிஎஸ்ஸே இருக்கிறது.

இதைச் செய்தபிறகு கணக்கைச் சொன்னால் மண்டையில் ஏறும். 60 கிமீ வேகத்தில் ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்குக்குக் கொண்டுவர ஒன்றரை வினாடி ஆனால் அதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. வேகம் 100 என்றால் மொத்தம் 95 மீட்டரைத் தாண்டும். 120 என்றால் 130 மீட்டர் அளவு. எவ்வளவு விலை உயர்ந்த காரானாலும் அந்த முதல் ஒன்றரை வினாடி மாறாது, அது ஓட்டுநருடையது. மழையில் எல்லாமே நீளும்.

டயரையும் பார்த்துவிடுங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2321 என்றால் 2021இன் 23ஆம் வாரம் செய்தது. ஆறு வருடம் ஆகிவிட்டால் பூ இருந்தாலும் மாற்றுங்கள், ரப்பர் இறுகிவிடும். சட்டப்படி பள்ளம் 1.6 மிமீ இருந்தால் போதும் என்றாலும், 3 மிமீக்குக் கீழே போனால் மழையில் தண்ணீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஒரு விதியையும் வையுங்கள்: முதல் ஆறு மாதம் இரவு பத்து மணிக்கு மேல் கார் வெளியே போகக் கூடாது, நண்பர்களில் ஒருவருக்கு மேல் ஏறக் கூடாது. காரில் நாலு நண்பர்கள் ஏறினால் ஓட்டுபவரின் வயதும் நாலு வயது குறைந்துவிடும்.

மதுரை வாசகர் (வயது 19): 2015 போலோ ஜிடி டிஎஸ்ஐ ஆறு லட்சத்துக்குள் கிடைக்கிறது. டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் பிரச்சினை என்கிறார்கள். அது உண்மையா, வதந்தியா?

உண்மைதான் தம்பி. ஆனால் எல்லாக் காரிலும் இல்லை. 105 பிஎஸ், ஈஎஸ்சி, கெட்டியான பாடி, நேராக ஓடும் குணம் என்று நல்ல கார். 2014இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் இரண்டு ஏர்பேக் வைத்த போலோ, அன்றைய விதிப்படி நாலு நட்சத்திரம் வாங்கியது. தொந்தரவு டிஎஸ்ஜி என்கிற அந்த ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியில்தான். அதில் இருப்பது ஆயிலில் மூழ்காத, உலர்ந்த இரட்டை கிளட்ச். ஆட்டோமேட்டிக் போல நடந்துகொண்டாலும் உள்ளே உராய்வது கிளட்ச் தட்டுகள்தான். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாலை நெரிசலில் அடி அடியாக நகர்த்தினால் தட்டுகள் சூடேறித் தேயும். அதைவிடப் பெரிய செலவு மெக்கட்ரானிக் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி. உள்ளே ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சேமிக்கும் குடுவையின் இருக்கையில் விரிசல் விட்டால் அழுத்தம் போய்விடும். மீட்டரில் கியர் எழுத்துகள் கண் சிமிட்டும், கார் நின்ற இடத்தில் நிற்கும். முழுப் பெட்டியையும் மாற்றினால் லட்ச ரூபாயைத் தாண்டும்.

சோதிப்பது இப்படி. கார் முழுக்க ஆறியிருக்கும்போது போங்கள். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். 20 நிமிடம் நெரிசலில் ஓட்டிச் சூடாக்குங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் மாறும்போது உதைக்கிறதா? மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், நடுங்கினால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. பிறகு ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய், கியர்பெட்டியில் பதிவான கோளாறுகளையும் கிளட்ச் வெப்ப வரலாற்றையும் எடுத்துப் பாருங்கள். அழித்துவிட்டு வந்த காரில் பதிவுகள் சந்தேகத்துக்குரிய வகையில் சுத்தமாக இருக்கும்; 50 கிமீ ஓட்டி மறுபடி பாருங்கள்.

எங்களைக் கேட்டால் இன்னும் இரண்டு லட்சம் சேர்த்து 2020க்கும் 2022க்கும் இடையில் வந்த 1.0 டிஎஸ்ஐ போலோவை, ஆறு கியர் மேனுவலில் பாருங்கள். 110 பிஎஸ், சுழல்விசை 175 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றாலும் அந்த வருடங்களில் வந்தது, உலர்ந்த கிளட்ச் தட்டுக்குப் பதில் ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை. டிஎஸ்ஜி தலைவலி கிடையாது. டர்போ இன்ஜின் என்பதால் கம்பெனி சொல்லும் தர எண் உள்ள ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டி வந்து உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். சூடான டர்போவில் ஆயில் தேங்கிக் கருகுவதைத் தவிர்க்கலாம்.

திருப்பூர் வாசகர்: மகனுக்குப் பதினேழு வயது. நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குள் மட்டும் ஓட்டவிடுகிறேன். இதில் என்ன தவறு?

முழுத் தவறு. காருக்கான பழகுநர் உரிமமே பதினெட்டு முடிந்தால்தான் கிடைக்கும். பதினாறில் கிடைப்பது 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு. நீங்கள் பக்கத்தில் இருப்பது பாதுகாப்பு இல்லை. உங்களுக்குத் தெரிந்தே நடந்தது என்பதற்குச் சாட்சி. 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். காரின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. யாரையாவது இடித்துவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்கக் கோர்ட் உத்தரவு வாங்கலாம். உங்கள் காருக்கு ஒரு ரூபாயும் வராது.

சேலம் வாசகர்: காரை என் பெயரில் வாங்குவதா, மகன் பெயரில் வாங்குவதா?

வெளிநாடுகளைப் போல ஓட்டுபவரின் வயதை வைத்து நம்மூரில் பிரீமியம் ஏறுவதில்லை. காரின் மாடல், சிசி, காரின் வயது, ஐடிவிதான் கணக்கு. அதனால் பிரீமியத்துக்காகப் பெயரை யோசிக்க வேண்டாம். யோசிக்க வேண்டியது வேறு. 15 லட்சம் ரூபாய் கட்டாய விபத்துக் காப்பீடு, ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும்தான். ஆர்சி உங்கள் பெயரில் இருந்து மகன் ஓட்டி அடிபட்டால் அந்தத் தொகை அவருக்கு வராது. உங்கள் பெயரில் வாங்கினால் மகனுக்குத் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள். உங்கள் பழைய காரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குரியது. பழைய காரை விற்றுவிட்டுப் புதுக் காரை உங்கள் பெயரில் வாங்கினால் அதை இதற்கு மாற்றலாம், மகன் பெயருக்கு மாற்ற முடியாது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் 50 சதவீதம் சேர்த்து வைத்திருந்தால் இது சிறு தொகை இல்லை.

ஸ்கார்பரோ, கனடா வாசகர்: மகனுக்குப் பதினேழு வயது. ஜி2 (முழு லைசென்ஸுக்கு முந்தைய நிலை உரிமம்) கிடைத்துவிட்டது. 2017 மஸ்டாங் ஈக்கோபூஸ்ட் பார்த்து வைத்திருக்கிறான். இன்ஷூரன்ஸை என் பெயரில் போட்டுச் சமாளிக்கலாம் என்கிறார்கள்.

சமாளிக்க வேண்டாம். உண்மையில் தினமும் ஓட்டுபவர் மகன், பாலிசியில் முதன்மை ஓட்டுநர் அப்பா என்றால் அது தவறான தகவல். விபத்து நடந்த அன்று கிளெய்ம் ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, கார் தினமும் எங்கே போகிறது என்பது. பதில் காலேஜ் என்றால் கிளெய்ம் மறுக்கப்படலாம். அதன் பிறகு குடும்பம் முழுவதற்கும் பாலிசி கிடைப்பதே கஷ்டம்.

காரைப் பார்க்கப் போகுமுன் அதன் விஐஎன் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) வாங்கி மூன்று இடங்களில் விலை கேளுங்கள். கனடாவில் ஒவ்வொரு மாடலின் முந்தைய இழப்புக் கணக்கைக் 'கிளியர்' மதிப்பீடாக வைத்திருக்கிறார்கள். 310 குதிரைத்திறன் காரும் பதினேழு வயதும் சேர்ந்தால் ஆண்டு பிரீமியத்தைக் கேட்ட மகனே வேறு காருக்கு மாறிவிடுவார். உங்கள் வாதம் மிச்சம்.

இன்னொரு காரணம் பனி. மஸ்டாங் பின்சக்கர இழுவை. கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயர் நாலும் போட்டாக வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு வேறு வகை என்று கலப்பது ஆபத்து. போட்டால் உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி தந்தாக வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஜி2 வைத்திருக்கும் 19 வயது வரையுள்ளவர் முதல் ஆறு மாதம் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை, 19 வயது வரையுள்ள ஒருவரை மட்டும்தான் ஏற்றலாம். 21 வரை ஒரு துளி மதுவும் கூடாது. 80க்குக் குறைந்த வேக வரம்புள்ள சாலையில் 40 கிமீ கூடுதலாகப் போனாலே அங்கே அது 'ஸ்டண்ட்' குற்றம்: அந்த இடத்திலேயே 30 நாள் லைசென்ஸ் முடக்கம், கார் 14 நாள் பறிமுதல். மஸ்டாங்கில் அந்த 40ஐத் தொடுவது தெரியவே தெரியாது. மஸ்டா 3, சிவிக், கரோலா மூன்றில் ஒன்று பாருங்கள்.

சென்னை வாசகர்: எலக்ட்ரிக் கார் வாங்கித் தந்தால் சத்தமும் இருக்காது, வேக ஆசையும் வராது அல்லவா?

சத்தம் இருக்காது. மற்றது நேர்மாறு. மஹிந்திரா பிஇ 6இன் ஆரம்ப மாடலே 231 பிஎஸ், 380 நியூட்டன் மீட்டர், பின்சக்கர இழுவை. மிதித்த கணமே முழு விசையும் வந்துவிடும். பெட்ரோல் காரில் சத்தமே வேகத்தைச் சொல்லிக் கொடுக்கும், இதில் மீட்டரைப் பார்த்தால்தான் தெரியும். எலக்ட்ரிக்தான் என்றால் குறைந்த திறன் மோட்டார் உள்ள சின்னக் காராகப் பாருங்கள், ஈக்கோ மோடிலேயே பழக்குங்கள்.

கரூர் வாசகர்: கார் சாதாரணமாக இருக்கட்டும், பிறகு 'ஸ்டேஜ் 1' ரீமேப், சத்தமான சைலன்சர், 18 அங்குல அலாய் என்று ஏற்றிக்கொள்கிறேன் என்கிறான் தம்பி.

ரீமேப் என்றால் இன்ஜினின் கணினி மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவது. அதைச் செய்தால் டர்போ அழுத்தம் ஏறும். கிளட்ச், கியர்பெட்டி, பிரேக் எல்லாம் பழையபடிதான். முதலில் வாரண்டி போகும், அடுத்து கிளட்ச். பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாகக் காரை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ சட்டத்தில் இருக்கிறது. இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாத மாற்றம் கிளெய்ம் நாளில் வெளியே வரும். 18 அங்குல அலாய் போட்டால் டயரின் பக்கச் சுவர் ஒல்லியாகும். கரூர் புறவழிச்சாலையில் சரி, ஊருக்குள் குழிக்குக் குழி பதில் சொல்ல வேண்டும். அந்தக் காசில் நல்ல டயரும் புது பிரேக் பேடும் போட்டால் கார் உண்மையாகவே வேகமாகும்.

ஈரோடு வாசகர் (வயது 20): வேகமாக ஓட்டுவதே தப்பு என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். ஆசைப்படுகிறவன் எங்கே போய் ஓட்டுவது?

தப்பு என்று சொல்லவில்லை. அவிநாசி சாலையில் வேண்டாம் என்கிறோம். உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிமீ ஓடுதளம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிமீ ஓடுதளம் 1990 முதல் இருக்கிறது. ஃபார்முலா ஒன் வரை போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். இந்த மண்ணில் பந்தயம் புதிதில்லை.

கார்ட்டிங்கில் தொடங்குங்கள். பின்சக்கரம் எப்போது வழுக்கும், ஆக்சிலரேட்டரைத் திருப்பத்தில் சட்டென்று விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் கார்ட்டில் நாற்பது கிமீ வேகத்திலேயே உடம்புக்குப் புரிந்துவிடும். சுற்றினால் டயர் அடுக்கில் போய் முட்டும், அவ்வளவுதான். பிறகு பந்தயப் பள்ளியில் சேரலாம். போட்டியில் இறங்க, இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் உரிமம் வேண்டும்.

சொந்தக் காரை ஓடுதளத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இரண்டு விஷயம். சாதாரண மோட்டார் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது; அங்கே இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது. அடுத்தது பிரேக் ஆயில். இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாமல் விட்டால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். ஐந்தாறு சுற்றில் காலிப்பர் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போய்விடும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் புதிதாக டாட் 4 ஊற்றி, பேடின் கனத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். மூன்று சுற்று ஓட்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவையுங்கள். ஓட்டி முடித்து நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூட்டில் பேடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

விழுப்புரம் வாசகர்: பாண்டிச்சேரிப் பதிவுள்ள ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் விலை ரொம்பக் குறைவாக இருக்கிறது. வாங்கலாமா?

230 பிஎஸ், டன்னுக்கு 160. முதல் காருக்கு அதுவே அதிகம். வேறு யாருக்காவது வாங்குவதாக இருந்தாலும், அந்த விலைக் குறைவில் ஒரு பகுதி நீங்கள் பின்னால் கட்டப்போகிற சாலை வரி. தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். புதுக் காருக்கு 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் என்பது இங்குள்ள வரி விகிதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். எவ்வளவு என்று ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பேரம் பேசுங்கள்.

விற்பவரிடம் படிவம் 28இல் என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று), பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்து, கடன் இருந்திருந்தால் வங்கியின் படிவம் 35, இவை கையில் வந்தபிறகுதான் முழுப் பணம். பதிவு முகவரியில் விற்பவர் உண்மையில் வசித்தாரா என்று பாருங்கள். போலி முகவரியில் பதிந்த கார் என்றால் வழக்கு காரோடு சேர்ந்து வரும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிலுவைச் சலானையும் ஆர்சி நிலையையும் பார்த்துவிடுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நபர் பகுதி மட்டும் செல்லும். உங்கள் கார் இடிபட்டால் கிளெய்ம் கிடையாது.